பிங் மாமாவும் அமுக்கின இட்லியும்

ஹௌரா பாலமே ஒருநாள் சரிந்து கங்கையில் உட்கார்ந்தாலும், "எங்கயோ கேபிள் லூஸ்" என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் பிங் மாமாதான். கரண்ட் போனால் கேபிள். லிஃப்ட் நின்றால் கேபிள். எங்களோடு வேலை பார்த்த தேபு-தாவின் மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனபோதுகூட, "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எங்கயோ கனெக்‌ஷன் சரியில்ல, அதைப் பாருங்க" என்றார். அந்த வரன் பிறகு கூடி வந்தது. அந்தப் பெருமையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு வங்கியில் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது, மதுரையிலிருந்து மூட்டை முடிச்சோடு நானும் போய் இறங்கினேன். சும்மா இருக்கப் பிடிக்காமல் பாலிகஞ்சில் ஒரு வேலை தேடிக்கொண்டேன். சினிமாக்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் சப்டைட்டில் போடுகிற கம்பெனி. பழைய காலத்து வீட்டின் மாடியில் ஆபீஸ், கீழே புடவைக் கடை. என் பக்கத்து நாற்காலியில் தேபு-தா, அதாவது தேபு அண்ணன். வங்காளி, வீடியோ எடிட்டர், நல்ல மனுஷர், மதியம் சாப்பிட்டதும் கண் சொக்கும். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட மெஷின் ரூம். அதற்குள் பிங் மாமா.

மாமாவின் அப்பா ரயில்வேக்காரர். மாமா ஹௌரா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே சொந்தமாக ஒரு சின்ன வீடும் கட்டிக்கொண்டவர். நிஜப் பெயர் ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்தது. அட்டையைத் திருப்பித்தான் மாட்டிக்கொள்வார். அதனால் அந்தப் பெயரை யாரும் படித்ததில்லை.

பிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்கும். அது "இருக்கேன்" என்று சொல்லும். அவ்வளவுதான் பேச்சு. பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து லைன் நன்றாக இருக்கிறதா, சீக்காக இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். கம்ப்யூட்டர்க்காரர்கள் எல்லாரும் இதைக் கம்ப்யூட்டரிடம் செய்வார்கள். மாமா மனிதர்களிடமும் செய்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேஜை மேல் போன் அடித்தது.

"இருக்கியா?"

"இருக்கேன். யாரு?"

டக். வைத்துவிட்டார். தேபு-தாவிடம் கேட்டேன். அவர் மெஷின் ரூமைக் கைகாட்டினார். நான் சும்மா விடுவேனா? நேரே போய்க் கதவைத் தட்டினேன்.

"எதுக்கு மாமா கூப்பிட்டீங்க?"

"இருக்கியான்னு பாத்தேன்."

"கண்ணாடிக் கதவுதானே மாமா. நான் இங்கேருந்தே தெரியறேனே."

"தெரியறது வேற, பதில் வர்றது வேறம்மா. எத்தனை பேரு ஆபீஸ்ல தெரியறான். பதில் வருதா?"

அன்று முதல் எனக்கும் பிங் வர ஆரம்பித்தது. ஆபீஸில் இருந்தாலும் வரும், லீவில் இருந்தாலும் வரும். "இருக்கேன்" என்று சொல்வதில் கொஞ்சம் தாமதமானால், "ரொம்ப லேட். சளியா?" என்பார். பல சமயம் சளியாகத்தான் இருக்கும்.

தேபு-தாவுக்குத் தமிழில் தெரிந்த ஒரே வார்த்தை "இருக்கேன்". ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் கால்பந்து மேட்ச். கல்கத்தாவில் மேட்ச் என்றால் வீட்டில் பிரசவ வலி எடுத்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மாமாவின் பிங் வந்தது, தேபு-தா போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. சாந்த்ராகாச்சியில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, வேறு பஸ் மாறி, மாமா தேபு-தாவின் வீட்டுக்கே வந்து காலிங் பெல்லை அழுத்திவிட்டார். சரியாகப் பெனால்ட்டி அடிக்கப் போகிற நேரம். தேபு-தா கதவைத் திறந்து, "இருக்கேன்" என்றார். மாமா "சரி" என்று திரும்பிப் போகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற பழக்கம் தேபு-தாவின் மனைவிக்குக் கிடையாது. உட்கார வைத்து லுச்சி என்கிற மைதா பூரியும் உருளைக்கிழங்கு ஆலு தம்மும் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே மாமா டிவியின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். "கேபிள் லூஸ்" என்று எழுந்து போய் முறுக்கினார். அதற்கப்புறம் மேட்ச் முடியும் வரைக்கும் அந்த டிவியில் படம் வரவில்லை.

மெஷின் ரூமுக்குள் எப்போதும் குளிர். மெஷின்கள் சூடாகக் கூடாது என்பதற்காக ஏ.சி. ராப்பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். கல்கத்தாக்காரர்கள் லேசாகப் பனி விழ ஆரம்பித்ததும் மங்கி கேப்பை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். காது, கழுத்து எல்லாம் மூடி மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரியும். மாமா அதை மே மாதத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். வெளியே வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும். உள்ளே மாமா தலைக்கு மங்கி கேப், கழுத்துக்கு மஃப்ளர், காலுக்குச் சாக்ஸ் சகிதம் இமயமலைக்குக் கிளம்பியவர் போல உட்கார்ந்திருப்பார். நாம் என்ன சொன்னாலும் அவருக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். அவர் சொல்வது எல்லாருக்கும் கேட்கும். அந்த ஏற்பாடு அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

மெஷின்களுக்கெல்லாம் ரயில்வே ஜங்ஷன் பெயர்களை வைத்திருந்தார். காட்பாடி, விழுப்புரம், ஈரோடு, அரக்கோணம். வங்காளிகள் வாயில் அரக்கோணம் படாத பாடுபட்டது. "மாமா, ஒரோக்கோனோம் படுத்துடுச்சு" என்று தேபு-தா வங்காளத்தில் அலறுவார். வெளியூருக்குப் படங்களை அனுப்புகிற மெஷின் அதுதான் என்பதால் அரக்கோணம் படுத்தால் ஆபீஸே படுத்த மாதிரி.

வருஷா வருஷம் விஸ்வகர்மா பூஜை அன்று மெஷின்களுக்குப் பூஜை உண்டு. வானத்தில் பட்டம், தெருவில் பந்தல், ஆபீஸில் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு. ஒரு வருஷம் தேபு-தா பக்தி முற்றி, விழுப்புரத்தின் தலையிலேயே நாலு சந்தேஷை நைவேத்தியமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் விழுப்புரத்துக்குள் எறும்புச் சாரை. மாமா முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட்டார் என்று சொல்லத் தேவையில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தபின், மெஷின் ரூமைச் சுற்றி இனிப்புக்குத் தடை என்று அறிவித்தார். கல்கத்தாவில் இனிப்புக்குத் தடை போட்டுவிட்டு ஒருவர் உயிரோடு இருக்க முடியாது. ஒரு வாரம் யாரும் பிங்குக்குப் பதிலே சொல்லவில்லை. மாமாவே கடைக்குப் போய் மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிர் வாங்கிவந்து எல்லார் மேஜையிலும் வைத்து சமாதானம் பண்ணிக்கொண்டார்.

இனி இட்லி விஷயத்துக்கு வருகிறேன். மாமாவின் டிபன் பாக்ஸ் மூன்று இட்லிக்கான அளவு. அதில் அவர் ஐந்து இட்லி கொண்டுவருவார்.

"எப்படி மாமா?"

"அமுக்கினா காத்துதாம்மா வெளிய போகும். இட்லி எங்க போகுது?"

இது அவருடைய வாழ்க்கைக் கொள்கை. செய்தித்தாளைத் தீப்பெட்டி அளவுக்கு மடிப்பார். குடையைப் பென்சில் அளவுக்குச் சுருட்டுவார். ஊருக்குப் போனால் நாலு நாள் துணி ஒரு மஞ்சள் பைக்குள் போகும். திறந்தால் வெடிக்கும்.

கம்ப்யூட்டரிலும் இதே கொள்கைதான். எங்களிடம் இருப்பதெல்லாம் இன்னும் வெளிவராத படங்கள். வழியில் எவனாவது எட்டிப் பார்த்தால் கம்பெனி காலி. அதனால் ஒவ்வொரு கோப்பையும் ரகசியப் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புவோம். ஆரம்ப காலத்தில் ஆபீஸுக்கு இருந்த லைன் நூல் மாதிரி ஒல்லி. அப்போது மாமா ஒரு வழி செய்தார். அனுப்புகிற கட்டளையில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தார். அதைச் சேர்த்தால் மெஷின் கோப்பை முதலில் அமுக்கும், பிறகு பூட்டும், பிறகு அனுப்பும். சின்னதாகப் போவதால் சீக்கிரம் போகும். "அமுக்கி அனுப்பு" என்பது எங்கள் ஆபீஸின் முதல் கட்டளை ஆகிவிட்டது.

எங்கள் ஆபீஸோடு மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. கம்பெனிக்குச் சென்னையில் தலைமை ஆபீஸ், அது போக நாலைந்து ஊர்களில் கிளைகள். எல்லா ஊருக்கும் மாமா போன் போட்டார். "இருக்கியா? கடைசில இந்த எழுத்தைப் போடு. அமுக்கி அனுப்பு." டக். பேசியது யார், என்ன பதவி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. குரலில் இருந்த அதிகாரத்தைக் கேட்டு எல்லாரும் போட்டுவிட்டார்கள்.

பிறகு காலம் மாறியது. கல்கத்தா ஓரத்தில் இருக்கும் நியூ டவுனில் கம்பெனி ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் புது ஆபீஸ் திறந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே அகலமான புது லைன் போட்டார்கள். நாங்கள் சப்டைட்டில் போட்டு முடித்த படம் நியூ டவுனுக்குப் போய், அங்கிருந்துதான் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். புது லைன் வந்தபின் படம் பறக்கும் என்று எதிர்பார்த்தோம். நகர்ந்தது. காலையில் கிளம்பிய படம் சாயங்காலம் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது. தேபு-தா, "பென் டிரைவில் போட்டு நானே ஆட்டோவில் கொண்டுபோனால் இதைவிடச் சீக்கிரம்" என்றார். அது உண்மையாகவும் இருந்தது.

விஷயம் சென்னைக்குப் போயிற்று. அங்கே நிர்மலா மேடம்தான் எல்லாக் கிளைகளுக்கும் மேலாளர். மேடம் வீடியோ காலில் வந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை நான் அங்க வர்றேன். என் கண் முன்னாடி ஒரு முழுப் படத்தை நியூ டவுனுக்கு அனுப்பிக் காட்டுங்க. ஒழுங்கா போச்சுன்னா சரி. இல்லன்னா அடுத்த மாசத்துலேருந்து பாலிகஞ்ச் மெஷின் ரூமை மூடிடலாம். நியூ டவுன்லயே ஒரு வெளி கம்பெனி பாத்துக்கறோம்னு சொல்றாங்க."

மெஷின் ரூமை மூடினால் மாமா எங்கே? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த வயதில் அவரை எவன் புதிதாக வேலைக்கு எடுப்பான்? மாமா மங்கி கேப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "கேபிளைப் பாக்கறேன்" என்று எழுந்தார்.

பார்த்தார். டார்ச்சோடு தரையில் தவழ்ந்து ஆபீஸில் ஓடுகிற ஒவ்வொரு கேபிளையும் பார்த்தார். ஒன்று தேபு-தாவின் நாற்காலிச் சக்கரத்துக்கு அடியில் போனது. தேபு-தாவை அப்படியே தூக்கிச் சன்னல் ஓரத்தில் உட்கார வைத்தார். அங்கே மதிய வெயில் நேராக முகத்தில் அடிக்கும், தூங்க முடியாது. தேபு-தா அந்த வாரம் முழுக்க அழாக்குறையாக இருந்தார். மாமா சமையலறை ஃபிரிட்ஜையும் நகர்த்தினார். கீழே புடவைக் கடைக்காரரிடம் போய், "உங்க ஃபேனை ஒரு மணி நேரம் நிறுத்துங்க" என்றார். அவர் எதற்கு என்றுகூடக் கேட்காமல் நிறுத்தினார். படம் அதே வேகத்தில் நகர்ந்தது.

அந்த வெளி கம்பெனியின் ஆள் ஒருவன் போனில் யோசனை சொன்னான். "பூட்டுப் போடறதாலதான் சார் லேட்டாகுது. பூட்டை எடுத்துட்டு அனுப்புங்க, ஓடும்."

மாமா சொன்னார்: "பூட்டை எடுத்தா ஓடும்னு எனக்கும் தெரியும் தம்பி. வேட்டியை அவுத்துட்டாக்கூட வேகமா ஓடலாம்."

டக்.

அப்புறம் நேரிலேயே நியூ டவுனுக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆப் டாக்ஸி. நான்தான் புக் பண்ணிக் கூடப் போனேன். டாக்ஸி சிக்னலில் நின்ற ஒவ்வொரு இடத்திலும், "எங்க தங்குதுன்னு பாத்துக்கோ. எங்க தங்குதோ அங்கதான் தப்பு" என்று எனக்குப் பாடம் நடத்தினார். நியூ டவுன் ஆபீஸில் வரவேற்பறையிலேயே மங்கி கேப்பைப் பார்த்து செக்யூரிட்டி நிறுத்திவிட்டான். எப்படியோ உள்ளே போய், அங்கிருந்து எங்கள் ஆபீஸுக்கு ஒரு படத்தை அனுப்பச் சொன்னார்.

பறந்து போனது.

"இப்ப அங்கேருந்து இங்க அனுப்பச் சொல்லு" என்றார். நான் தேபு-தாவுக்குப் போன் போட்டேன். தேபு-தா அனுப்பினார். நகர்ந்தது.

லைன் ஒன்றுதான். நியூ டவுனிலிருந்து போகும்போது ஓடுகிறது, பாலிகஞ்சிலிருந்து வரும்போது தவழ்கிறது. அப்படியென்றால் தப்பு லைனில் இல்லை, நியூ டவுனில் இல்லை, எங்கள் ஆபீஸுக்குள்தான். மாமாவின் முகம் சுருங்கிப்போனது. திரும்பி வரும்போது டாக்ஸி எத்தனையோ சிக்னலில் நின்றது. பாடம் மட்டும் நடக்கவில்லை.

அன்றிலிருந்து பிங் நின்றுபோனது. யாருக்கும் போன் வரவில்லை. முதல் நாள் நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் தேபு-தா போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். "ரிப்பேரா?" என்று என்னிடம் கேட்டார்.

மேடம் வருவதற்கு முந்தின நாள் மதியம் லோட்ஷெடிங். கல்கத்தாவில் கரண்ட் போவதற்குப் பெயரே அதுதான். மெஷின்களுக்குப் பேட்டரி உண்டு, அதனால் அவை ஓடிக்கொண்டிருந்தன. ஏ.சி.க்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மெஷின் ரூம் அடுப்பங்கரை மாதிரி ஆயிற்று. நான் மோர் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மாமா வியர்வையில் குளித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் மங்கி கேப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவருக்குக் காது இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டம்ளரை வாங்கப் போனவர் அப்படியே நிறுத்தினார்.

"இது என்ன சத்தம்?"

"எது மாமா?"

"உய்ய்னு. அரக்கோணத்துலேருந்து."

"அது எப்பவும் வர்ற சத்தம்தானே. உள்ள ஃபேன் சுத்துது."

"எப்பவுமா?"

"படம் அனுப்பறப்பல்லாம் வரும். அனுப்பி முடிச்சா நின்னுடும். எங்க ரூம் வரைக்கும் கேக்கும் மாமா."

"ஏம்மா, இத்தனை நாளா யாரும் ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களுக்குக் கேக்கணுமே."

மாமா அரக்கோணத்தின் பக்கத்தில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கம்ப்யூட்டர் திரையைத் திறந்தார். "லைன் சும்மா உக்காந்திருக்கு பாரு. பாதிகூட நிரம்பல. மெஷின்தான் மூச்சு வாங்குது. அப்படி என்ன வேலை பாக்குது இது?" என்று முணுமுணுத்தபடி எதையோ தட்டினார். அரக்கோணம் அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்த வேலைகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, மெஷினின் முழு மூளையையும் தின்றுகொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. எனக்கு அது புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தது. நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அமுக்குதும்மா."

"என்னது?"

"படத்தை அமுக்குது. நான் போட்ட எழுத்து. நியூ டவுன் புது ஆபீஸ், அங்க அது இல்ல."

டிபன் பாக்ஸைத் திறந்தார். ஐந்து இட்லி, தட்டையாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. "இதைத் திரும்பவும் அமுக்கினா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது. கைதான் வலிக்கும்."

"அதேதான். இப்பல்லாம் படம் வர்றப்பவே அமுக்கித்தான் வருது. உள்ள காத்தே கிடையாது. அதைப் போட்டு இந்த மெஷின் நாள் பூரா அமுக்கு அமுக்குனு அமுக்கிட்டிருக்கு. லைன் வாயைப் பொளந்துட்டு நிக்குது, இது ஒவ்வொரு வாயா ஊட்டுது." கட்டளையின் கடைசியில் இருந்த அந்த ஒற்றை எழுத்தை அழித்தார். மறுபடி அனுப்பினார். தேபு-தா கீழே போய் மண் குவளையில் மூன்று டீ வாங்கிக்கொண்டு மாடி ஏறி வருவதற்குள் படம் நியூ டவுனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அரக்கோணம் சத்தமே போடவில்லை.

நாங்கள் துள்ளினோம். மாமா துள்ளவில்லை.

"நாளைக்கு மேடம் கேப்பாங்க, என்ன தப்பா இருந்ததுன்னு."

"கேபிள்னு சொல்லிடுங்க" என்றேன். தேபு-தாவும் வேகமாகத் தலையாட்டினார். "கேபிள், கேபிள்" என்றார். அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருஷமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

மாமா என்னை முறைத்தார். "ஒரு தப்பும் பண்ணாத கேபிள் மேல அபாண்டமா பழி போடச் சொல்றியா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வேலை போகிற நேரத்தில் இந்த மனுஷருக்குக் கேபிளின் மானம் பெரிதாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை நிர்மலா மேடம் வந்தார். விறைப்பான காட்டன் புடவை, இனிப்பு வேண்டாம், டீ வேண்டாம், படத்தைக் காட்டுங்கள். மாமா அனுப்பினார். மேடம் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் பாதிப் படம் போயிருந்தது. முடிந்ததும் நியூ டவுனிலிருந்து போன் வந்தது, முழுதாக வந்து சேர்ந்துவிட்டது என்று.

"நல்லா போகுதே. அப்ப இத்தனை நாளா என்ன பிரச்னை?"

நான் மாமாவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினேன். கேபிள் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையுங்களேன்.

"தப்பு என்னோடது மேடம்" என்றார் மாமா. "லைன் மேலயும் தப்பில்ல, கேபிள் மேலயும் தப்பில்ல. பழைய காலத்துல நான் ஒரு வழக்கம் பண்ணி வெச்சேன். காலம் மாறினது எனக்குத் தெரியல. எல்லாரும் நான் சொன்னேன்னு அதையே பண்ணிட்டிருந்தாங்க." பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை வைத்து முழுசாக விளக்கினார். மேடம் எழுந்து மீட்டிங் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சென்னைக்குப் போன் போட்டார். கதவு வெகுநேரம் திறக்கவில்லை.

மாமா மெஷின் ரூமுக்குள் போய் உட்கார்ந்தார். கேப்பை மாட்டவில்லை. கையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார், மடித்து, மடித்து, சின்னதாக.

அவருடைய போன் அடித்தது. எடுத்தார்.

"இருக்கேன்" என்றார் தேபு-தா, சன்னல் ஓரத்து நாற்காலியிலிருந்து. வைத்துவிட்டார்.

நான் போட்டேன். "மாமா, இருக்கேன்." வைத்துவிட்டேன். அதற்கப்புறம் வரவேற்பறைப் பெண், கணக்குப் பிரிவு, எடிட்டிங்கில் இருந்த எல்லாரும். தமிழ் தெரியாதவர்கள் தேபு-தாவிடம் கேட்டுப் பழகிக்கொண்டு போட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மாமா ஒவ்வொன்றையும் எடுத்துக் கேட்டார். என் கண்ணில் தண்ணீர் நின்றது, அதை மறைக்க நான் மெனக்கெடவில்லை. கடைசி போனை வைத்தபின் எங்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "எல்லாரும் ரொம்ப லேட்."

மேடம் வெளியே வந்தார்.

"சென்னையில பாக்கச் சொன்னேன். அங்கயும் அந்த எழுத்து இருக்கு. ஹைதராபாத்துலயும் இருக்காம். யாருக்கும் ஏன்னு தெரியல, எடுக்க பயமா இருக்காம்." மாமா பக்கம் திரும்பினார். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருநாள் போன் வந்தது. இருக்கியான்னு ஒரு குரல். இருக்கேன்னேன். அமுக்கி அனுப்புன்னு சொல்லிட்டு வெச்சாச்சு. இத்தனை வருஷமா அது எங்க எம்.டி.ன்னு நெனச்சிட்டிருந்தேன். அது நீங்களா?"

"நான்தான்" என்றார் மாமா.

மேடம் சிரித்தே விட்டார். விறைப்பான புடவைக்குள்ளிருந்து அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "எல்லா ஊர்லயும் அதை எடுக்கணும். வேற யார் சொன்னாலும் எடுக்க மாட்டாங்க, இந்தக் குரல்தான் சொல்லணும். அந்த வேலை முடியட்டும், ரூமை மூடறதைப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

"இப்பவே போன் போடறேன்."

"போடுங்க. ஆனா சொல்லிட்டு உடனே வெச்சிடாதீங்க மாமா. அவங்க எழுதிக்கற வரைக்கும் லைன்ல இருங்க."

அந்த "அப்புறம்" இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு மறுபடி மாற்றலாகி நாங்கள் மதுரைக்கே வந்துவிட்டோம். மாமா இன்றைக்கும் பாலிகஞ்சில் அதே ரூமில்தான் இருக்கிறார். மங்கி கேப்பும் இருக்கிறது. காதுக்கு நேராக இரண்டு ஓட்டை வெட்டி, ஓரம் தைத்துக் கொடுத்தது தேபு-தாவின் மனைவி.

எனக்கு இன்னும் பிங் வருகிறது. மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது வரும். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருந்தபோது வந்தது. "ஆக்கேன்" என்றேன். "பல்லா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். நான் எப்படி இருக்கிறேன், வீட்டில் சௌக்கியமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த உலகத்தில் இத்தனை தடவை எனக்குப் போன் செய்து பார்த்த மனுஷர் வேறு யாரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. மதியம் வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நானே போட்டேன்.

"மாமா, இருக்கேன்."

"ம்" என்றார். வழக்கமாக டக்கென்று வைக்கிறவர் அன்றைக்கு வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தோம்.